கழுத்தைத் திருப்பாத கலியபெருமாள்

செவ்வாய்க்கிழமை காலை, ஆலை வாசல் டீக்கடையில் சொன்னார்கள்: "சலூன் கலியபெருமாள் போயிட்டாருங்க." கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது. ஜங்ஷன் ரோட்டில் அவரிடம் தலையைக் கொடுத்த எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். அவர் கையால் படுக்கையில் விழுந்தவன் நான். அதனால் அவரைப் புகழ எனக்குக் கூடுதல் உரிமை உண்டு.

அறுபதுகளில் முடி வெட்டியதும் கழுத்தில் சொடக்கு எடுக்காமல் எவன் எழுந்திருப்பான்? தாடையில் ஒரு கை, உச்சியில் ஒரு கை, வெடுக்கென்று ஒரு திருப்பு. சத்தம் தெருவுக்குக் கேட்டால்தான் நமக்குத் திருப்தி. பீங்கான் ஆலையில் ஈர ஜாடிகளைப் பலகையில் அடுக்கித் தலையில் சுமந்த எங்களுக்கு அதுதான் வைத்தியம். ஒருநாள் எனக்கு இடப்பக்கம் சத்தம் வரவில்லை. சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் நல்லாப் போடுங்கண்ணே" என்றேன். போட்டார். கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. எழுந்தேன், கால் நிற்கவில்லை. வாந்தி எடுத்தேன்.

வேறு ஆளாக இருந்தால் பித்தம் என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பான். இவர் குதிரை வண்டியில் என்னைத் தன் மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் கேட்கும் முன்பே, "நான் கழுத்தைத் திருப்பினேங்க, அதுல வந்ததுதான்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் டாக்டருக்கு எதைப் பார்ப்பது என்று புரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றார். மூன்று வாரம் கிடந்தேன். கலியபெருமாள் தினமும் கஞ்சி கொண்டுவந்தார்.

அதன்பிறகு அவர் எவர் கழுத்தையும் திருப்பவில்லை. "கை மரத்துப் போவுதா? தலை சுத்துதா?" என்று முதலில் கேட்பார். ஆமாம் என்றால் டாக்டரிடம் துரத்துவார். வெறும் பிடிப்பு என்றால் வறுத்த உப்பைத் துணியில் கட்டி, சூடு பார்த்து ஒத்தடம் கொடுப்பார். தோளை மட்டும் மெல்லப் பிடித்துவிடுவார். "கழுத்த நீங்களே திருப்புங்க. வலிக்கிற எடத்துல நிறுத்திக்குங்க" என்பார். சத்தத்துக்குப் பழகிய சனம் சும்மா இருக்குமா? பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிட்டு எதிரே இருந்த சலூன் கடைக்குப் போனது. சூளை மேஸ்திரி ஒருவர், "சொடக்கு எடுக்காம என்னய்யா சலூனு?" என்று எகிறினார்.

"முடி போனா மொளைக்குங்க. கழுத்து மொளைக்காது" என்றார் கலியபெருமாள். அதோடு விடாமல், நடந்ததை முழுக்கச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "எதுக்கண்ணே உங்க தப்ப ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்க?"

"நான் சொல்லலன்னா எதிர்க்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?"

எதிர்க்கடையில் இன்றும் அந்தச் சத்தம் கேட்கிறது.

அன்று முதல் இந்தப் பத்து வருஷமாக, எனக்குச் சவரம் செய்யும் முன் அவர் கேட்பது ஒன்றுதான்: "இப்ப தலை சுத்துதுங்களா?" "சுத்தலண்ணே" என்பேன். முகம் தெளிந்த பிறகுதான் கத்தியைத் தீட்டுவார். குனிந்து நிமிர்ந்தால் எனக்கு இன்னமும் சுற்றும். டாக்டரிடம் சொன்னேன்; கலியபெருமாளிடம் சொல்ல மனம் வரவில்லை. தன் தப்பை ஒருநாளும் மறைக்காத மனிதரிடம் நான் கடைசிவரை சொன்னது இந்தப் பொய்தான்.

நேற்று அவர் காலடியில் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லாம் சுற்றியது. துக்கம் என்று நினைத்து அருகில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "சுத்தலண்ணே" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதேன்.