பாக்ஸுக்கு விழுந்த மாலை

சங்கராபுரத்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் பெண் நான். அப்பா நடத்திய கடை. முட்டி தேய்ந்து அவர் உட்கார்ந்த பிறகு ஏணி ஏறுவது, குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது எல்லாம் என் பொறுப்பு. பழுது பார்த்த ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வைத்து ஓடவிட்டுப் பார்ப்போம். சினிமாப் பாட்டில் பாக்ஸுக்குள் கோன் காகிதம் கிழிந்திருந்தாலும் தெரியாது, எல்லாம் ஒரே அடி. நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா இசையில் சின்னக் கரகரப்பும் காட்டிக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் போனில் தேடிப் போட ஆரம்பித்தேன். பிறகு பாக்ஸை மறந்துவிட்டு இசையைக் கேட்க உட்கார்ந்தேன்.

தனியாகக் கேட்க மனசு வரவில்லை. எதிர் டீக்கடையில் இருப்பவர்களுக்கு மைக்கில் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். "இது இந்தக் காலத்து ஆளு எழுதனதுங்க. பாட்டு வராது. மொதல்ல மெதுவாத்தான் போவும், அவசரப்படாதீங்க." சிரித்தார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். போகட்டும். இந்த இசை பெரிய ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு நான் போட்டது, பனி கொட்டும் தேசத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியது. ஒற்றை மணி ஒலிக்கும். இடைவெளி விட்டு மறுபடி ஒலிக்கும். அதன்மேல் வயலின்கள் மெல்லக் கீழே இறங்கும். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் சேகண்டி அடிப்பார்கள்; அதுவும் இப்படித்தான் விட்டுவிட்டு ஒலிக்கும். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர் ஊர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அப்பாதான் செட் கட்டுவார். கையில், பஸ் ஸ்டாண்டில் மணிச் சத்தம் கேட்டதும் வாங்கிய ரோஜா மாலை. கண் கலங்கியிருந்தது.

"எப்பம்மா பூட்டாரு?"

அப்பா உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்தார். குரல் கேட்டுத் தடியை ஊன்றி வெளியே வந்தவர் மாலையைப் பார்த்தார். "இன்னாய்யா, எனக்கா?"

மலைக்காரர் வெலவெலத்துப் போனார். சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. எங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுவரக் கூடாது. "அந்தப் பொட்டி மேல போட்டுட்டு குந்து. அதுதான் அழுதுக்கினு கீது" என்றார் அப்பா. மலைக்காரரும் பாக்ஸுக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்தார். இசை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

டீக்கடையிலிருந்து எங்கள் ஊர் ஆடித் திருவிழாக் குழுத் தலைவர் எழுந்து வந்தார். "சாவு மாலை உழுந்த பொட்டிய சாமி முன்னாடி வெக்க முடியாதும்மா. கழுவி சூடம் காட்டு. இந்த எழவுப் பாட்ட இனிமே போடமாட்டன்னு ஒரு வார்த்த சொல்லு. ஆர்டர் உனக்குத்தான்."

ஆடித் திருவிழா போனால் எங்களுக்கு அந்த வருஷமே போன மாதிரி. அப்பாவைப் பார்த்தேன். கடை இப்போது உன்னுடையது என்கிற மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

"கழுவறங்க. சூடமும் காட்டறன். அந்த வார்த்தைய மட்டும் சொல்ல மாட்டன்."

திருவிழாவுக்கு வேறு ஊர் செட் வந்தது. அன்று காலை அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கோயில் பக்கம் ஒரு பாக்ஸ் கோன் கிழிந்து கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மட்டும் காது கூசியது.

அன்றும் ஞாயிறுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு பாக்ஸை வாசலுக்குத் தள்ளினேன். மலைக்காரர் வந்தார், இந்த முறை வெறுங்கையோடு. அப்பாவின் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்:

"இன்னிக்கிப் போடறது உசுரோட கீற ஆளுதா, செத்த ஆளுதா?"

"உசுரோட கீறாருங்க. மால போட்டுட்டு கேட்டீங்களே, அவருதுதான்."

"அப்ப சவுண்ட ஏத்தும்மா."

ஏற்றினேன்.