‘உனக்கும்’ என்றான் அண்ணன்

தேரூரில் ராஜியைப் பற்றி யாரிடம் கேட்டாலும், “கால் வராது, வாய் நல்லா வரும்” என்பார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் கால்களைக் கொண்டுபோய்விட்டது. இந்த நாற்பது வயதில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நாகர்கோவில் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறாள். மாப்பிள்ளையின் வழுக்கையை மறைக்கச் சொன்னால் மறைப்பாள். பெண்ணை வெள்ளையாக்கச் சொன்னால் மட்டும், “வேற ஆளைப் பாருங்க” என்று போனை வைத்துவிடுவாள்.

அவள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தேக்கு நிலைப்படி. அதைத் தாண்ட ஒவ்வொரு தடவையும் யாராவது நாற்காலியைத் தூக்கிவிட வேண்டும். பெரும்பாலும் அம்மா தாணம்மாள்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தால், அவசரமென்றாலும் ராஜி உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அப்பா கணபதியப்பனிடம் கட்டையை அறுத்துவிடச் சொல்லிப் பார்த்தாள். “படியில லெச்சுமி இருக்கா, அதுல உளி வைக்கப்பிடாது” என்றார். அவர் காலமான பிறகு மஸ்கட்டிலிருந்த அண்ணன் அனில்குமாரிடம் கேட்டாள். அவனும் போனில் அதே லெச்சுமியைத்தான் சொன்னான்.

இந்த வருஷம் அவன் ஊரோடு வந்துவிட்டான். கூடவே கூடம் நிறைய ஒரு கார்ப்பெட்டும் வந்தது. அவன் மனைவிக்கு, ராஜியின் மைனிக்கு, தூசி பட்டால் தும்மல் நிற்காது.

“ஏட்டி ராஜி, தானா ஓடித் தூசி எடுக்குத மெஷின் ஒண்ணு வாங்கணும். நீ கம்ப்யூட்டர்லயே கெடக்கவ, எது கொள்ளாம்னு பாத்துச் சொல்லு” என்றான் அண்ணன்.

ராஜி மூன்றை எடுத்து ஒப்பிட்டாள். முதலாவது வெறும் தரையில் பறக்கும். கார்ப்பெட் விளிம்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும். இரண்டாவது கார்ப்பெட்டை நன்றாக உறிஞ்சும். ஆனால் தரை துடைத்த ஈரத்துணியோடு அதன்மேலேயே ஏறி நனைத்தும் வைக்கும். மூன்றாவதுதான் கெட்டிக்காரன். கார்ப்பெட் வந்ததும் துணியை மேலே தூக்கிக்கொண்டு, உறிஞ்சும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் எந்த மகாராசனும் நாலு விரல் படியை ஏறமாட்டான். அதையும் சொன்னாள்.

“அதுக்கென்ன? படியை அறுத்து எடுத்திருவோம். நாளைக்கே முருகதாஸ் ஆசாரியை வரச் சொல்லுகேன்” என்றான் அவன்.

ராஜிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் அவளுக்காக அசையாத லெச்சுமி, இன்னும் கடையை விட்டே கிளம்பாத ஒரு மெஷினுக்காக எழுந்து போகிறாளாம்! வாயை மூடிக்கொண்டிருந்தால் வழி கிடைத்துவிடும், அது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வீம்பு பிடித்த அண்ணன் ஆசாரியைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவான்.

மறுநாள் ஆசாரி ரம்பத்தை எடுத்தபோது, அவள் நாற்காலியைப் படியில் முட்டக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“ஏட்டி, மாறு. வேல நடக்கட்டு” என்றான் அண்ணன்.

“இது யாருக்கு வேண்டின்னு சொல்லு. மாறுகேன்.”

“இதென்ன கேள்வி? மெஷினுக்குத்தான். உனக்கும் ஆச்சுல்லா?”

“அந்த ‘உம்’ எனக்கு வேண்டாம். மெஷினுக்குப் போட்ட வழியில மிச்சம் மீதியா எனக்கு ஒண்ணும் வேண்டாம். உனக்குன்னு சொல்லு. இல்லேன்னா படி அங்கனயே கெடக்கட்டு, நானும் இங்கனயே கெடக்கேன்.”

மைனி என்னமோ முனகினாள். அண்ணனின் முகம் சிவந்தது. ஆசாரியைப் போகச் சொல்ல வாயெடுத்தான். அப்போது தாணம்மாள் அடுக்களையிலிருந்து வந்து, வழக்கம்போல மகளின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தாள். தூக்கவில்லை. பிடித்தபடி நின்றாள்.

“அவ கேக்காள்லா? பதில் சொல்லு மக்கா.”

அனில்குமார் தரையைப் பார்த்தான்.

“ஆசாரி, தங்கச்சிக்கு வழி வேணும். ராஜிக்கு. அறுத்திரும்.”

அதற்குப் பிறகுதான் அவள் சக்கரத்தைப் பின்னுக்கு எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தால் வரட்டும் என்று துடைக்காமல் இருந்தாள்.

கட்டை கழன்றதும், மரத்தூளைப் பெருக்கும் முன்பே அவள் தாண்டிவிட்டாள். யாரும் தூக்கவில்லை. கூடத்தில் அண்ணன் போனை எடுத்து, மெஷினுக்கு ஆர்டர் போடத் தொடங்கியிருந்தான்.

“அவசரமில்ல அண்ணே” என்றாள் ராஜி. “முதல்ல நான் ஓடிப் பாக்கேன்.”