நான் கை நனைக்காத வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்று, அரிசியில் கல் கிடக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. ஓய்வு பெற்றதும் மாதர் சங்கத்துக்குச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள். அப்படித்தான் அந்தக் குடும்பம் என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நானாகவே ஓடிப்போய்த் தூக்கி வைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து 'திரும்பி வந்தவர்கள்' என்று கடதாசியில் இருந்தது. கைக்குழந்தையாகப் படகில் போன ஒருத்தி, அங்கேயே பிறந்த அவளுடைய புருசன், பன்னிரண்டு வயது மகள். இவர்கள் எங்கே திரும்பி வருவது? இவர்களுக்கு இது புது நாடு. அவளுடைய தகப்பன் மன்னார்ப் பக்கமாம். அவருடைய காணியில் இப்போது பற்றைக்காடுதான் நிற்கிறது, உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகனுடைய வீடு எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடந்தது. வீட்டுத் திறப்பு என்னிடம். "சும்மா கறையான் தின்னுறதை மனுசர் இருந்தால் என்ன?" என்று போனில் அவனோடு மல்லுக்கட்டி, அந்த வீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார்கள். நாலு பை, பழைய சேலையில் சுற்றிய ஒரு பொதி. பொதிக்குள் கிரைண்டர். அந்த ஊர் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததாம். விமானத்தில் விட்ட நிறைக்குள் உடுப்பைக் குறைத்து அதைக் கொண்டு வந்திருக்கிறாள்.

"இது இல்லாம எனக்குக் கையே ஓடாதுக்கா," என்று சிரித்தாள்.

அவன் பெயின்ற் அடிக்கிற வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான். முதல் நாளே ஒன்று சொன்னான். "ஒரு வருஷம் பாப்போம்க்கா. ஒட்டலைன்னா வேற இடம் பாத்துக்குவோம்." அவள் உடனே அவனை முறைத்தாள். "நான் எங்கயும் வர மாட்டேன். நெனவு தெரிஞ்சதுலேருந்து முகாம்ல எண்ணிக்கைக்கு வரிசையில நின்னாச்சு. இவ எங்க ஊர்க்காரின்னு யாராச்சும் ஒருத்தர் என்னைச் சொல்லணும். அது போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வைக்கிறன் பார் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

பிறகு நான் அலைந்த அலைச்சல்! கிராம விதானையாரிடம் பதிவு, பிரதேச செயலகத்தில் மூன்று கிழமை, அடையாள அட்டைக்குப் படம். பள்ளிக்கூடத்தில் ஒரு அலுவலர், "பிறப்புப் பத்திரம் இந்தியாவிலையெண்டால் கொஞ்சம் கஸ்டம்" என்று இழுத்தார். "பிள்ளை பிறந்தது சரிவந்திருக்கு, பத்திரம் மட்டும் சரிவராதோ?" என்று கேட்டேன். பதிவுப் புத்தகத்தை விரித்தார். பிள்ளையை அன்றைக்கே வகுப்பில் இருத்திவிட்டுத்தான் வந்தேன்.

ஊர்ப் பெண்கள் என்னிடம் வந்து மெல்லக் கேட்பார்கள். "உந்தச் சனம் எவடம்?"

எவடம் என்றால் எங்கள் ஊரில் இடம் கேட்பது அல்ல. எந்தப் பகுதி ஆட்கள், யாரோடு கொண்டு கொடுத்தவர்கள் என்று கேட்பது. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்க எங்களிடம் பத்து வழி உண்டு. அவளுக்கு அது விளங்கவில்லை. எவடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகாமின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப் போட்டுக் கேள், அறிவிப்பினம்," என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. வெட்கக்கேடு, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏனென்றால் அந்த வீட்டுக்கு நான் எத்தனை தரம் போயிருப்பேனோ, அத்தனை தரமும் அவள் "டீ போடறேன்க்கா, உக்காருங்க" என்பாள். நான் "இப்பத்தான் குடிச்சிட்டு வாறன் பிள்ளை" என்பேன். வாயில் தானாக வரும். யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது உட்கார்ந்து சாப்பிடுவது, அந்த வீட்டாரை எங்களில் ஒருவராக எடுத்துக்கொள்வது. நல்லது கெட்டதுக்குப் போகலாம், பாய் தூக்கிக் கொடுக்கலாம், பிணம்கூடத் தூக்கலாம். கை நனைப்பது வேறு.

சனிக்கிழமை காலைகளில் அவள் இட்லி அவிப்பாள். ஒரு தூக்குவாளியில் எட்டு இட்லி, மேல் தட்டில் சட்னி. மகள்தான் கொண்டுவருவாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். முதல் கிழமை அதை வாங்கிக் குசினியில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே நின்றேன். மல்லிகைப்பூப் போல இருந்தது. மூடினேன். பிறகு கொண்டுபோய்க் கொட்டிலில் நின்ற எங்கள் மாட்டின் கழுநீர் வாளிக்குள் போட்டேன்.

புளித்த மா வயிற்றுக்கு ஒத்துவராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோசைக்கு நான் புளிக்க வைக்கிற மா என்னவாம்? அப்போது அது ஞாபகம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மணம் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒண்டு தாருமப்பா, ருசி பாப்பம்."

"உங்களுக்குச் சீனி வருத்தம்."

"அப்ப மாட்டுக்குச் சீனி வராதோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரோடு போய்விட்டார். இந்த மனிசன் எப்போதும் இப்படித்தான், ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போய்விடும்.

கிழமைக்குக் கிழமை அது வழக்கமாகிவிட்டது. மாட்டுக்கும் ருசி பழகிவிட்டது. தூக்குவாளிச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கும். ஒரு சனிக்கிழமை, பிள்ளை இட்லியைத் தந்துவிட்டுப் போனாள். நான் வாளிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வேலிப் படலை திறக்கிற சத்தம். குடையை மறந்து விட்டுவிட்டுப் போனவள் எடுக்க வந்திருக்கிறாள். கொட்டிலடியில் அப்படியே நின்றாள். வாளியில் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐயோ! தாய் இப்போது வந்துவிடுவாள், முற்றத்தில் நின்று கேட்பாள் என்று அன்று முழுவதும் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே தூக்குவாளி வந்தது, இம்முறை பத்து இட்லி. பிள்ளை கவனிக்கவில்லைப்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு எதையும் நம்பும்.

அவர்கள் வந்த எட்டாவது மாதம் அந்தப் பிள்ளை பெரிய பிள்ளையானாள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமன் இல்ல, மாமி இல்ல, தண்ணி ஊத்தக்கூட ஆள் இல்லக்கா."

"நான் நிக்கிறன்," என்றேன். "ஆக்களைக் கொண்டு வாறது என்ரை பொறுப்பு."

தாயைக் கூட்டிக்கொண்டு இருபது வீட்டுக்கும் நடந்து போய்ச் சடங்குக்குச் சொன்னேன். நேரே போய்ச் சொல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அவளுடைய புருசன், வீட்டு முன்சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தான். பந்தல் போட்டான். அவள் விடியத் தொடங்கி அடுப்படியில் நின்று இருபது வீட்டுக்கும் போதும் அளவுக்குச் சமைத்தாள். மரக்கறிச் சாப்பாடுதான், ஒருவரும் குறை சொல்லக்கூடாதென்று. அவன் அன்று காலை என்னிடம் தனியாகச் சொன்னான். "இன்னிக்குத் தெரிஞ்சிடும்க்கா, நாங்க இங்க இருக்கலாமா வேணாமான்னு."

வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் வார்த்தார்கள், ஆலாத்தி எடுத்தார்கள், பரிசுப் பெட்டி கொடுத்தார்கள், பிள்ளையோடு நின்று படம் எடுத்தார்கள். மூடி திறக்காத சோடாப் போத்தல் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார்கள். இலை போட்டதும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருத்திக்கு வயிறு சரியில்லை. ஒருத்திக்கு விரதம். ஒருத்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாளாம். தாய் அகப்பையோடு வாசலில் நின்று, "கொஞ்சமா சாப்பிட்டுப் போங்க, கொஞ்சமா" என்று எல்லாரையும் பார்த்துக் கெஞ்சினாள்.

எனக்கு வந்த கோபம்! படலையடியில் ஓடிப்போய் என் மச்சாளை மறித்தேன். என் தாய்மாமன் மகள், என் வயதுக்காரி.

"எங்கை ஓடுறாய்? நீங்களெல்லாம் மனுசரோ? அந்தப் பெட்டை விடியத் தொடங்கி வெந்தது உங்கடை கண்ணிலை படேல்லையோ?"

"கத்தாதை," என்றாள் மச்சாள். "எட்டு மாசமாய் இந்த வீட்டுப் படியிலைதான் நிக்கிறாய். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சனியோ? சொல்லு."

நான் படலையை இறுக்கிப் பிடித்தேன்.

"அவையின்ரை கடதாசியெல்லாம் பாத்தவள் நீ. நீயே வாய் நனைக்கேல்லையெண்டால், என்னவோ இருக்கெண்டுதானே நாங்கள் நினைப்பம்? உன்னைப் பாத்துத்தான் நாங்களும் எழும்பினது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். வழியை விடு."

வழியை விட்டேன். என் நீளமான வாய் அந்த இடத்தில் செத்துப் போய்விட்டது. ஊரைத் திருத்தப் போன நான்தான் ஊருக்குக் கை காட்டியிருக்கிறேன், இங்கே சாப்பிடாதே என்று.

திரும்பி உள்ளே போனேன். பாயில் ஒரு வரிசை இலை வெறுமனே கிடந்தது, தண்ணீர் தெளித்தபடி. ஓரத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் இருந்து, "சாம்பார் இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியவில்லை. "அக்கா உக்காந்துட்டாங்க!" என்று புருசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் வரவில்லை, அடுப்படியில் நிறைந்து கிடந்த கிடாரங்களுக்கு முன்னால் நின்றான். நான் இரண்டு தரம் சோறு வாங்கினேன். நல்ல சாப்பாடு, பொய் சொல்லவில்லை. கதிரையில் சோடித்து இருத்தியிருந்த பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் அங்கே தேத்தண்ணீர் குடித்தேன். கேட்டு வாங்கிக் குடித்தேன். மச்சாளையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன், வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் புருசன் வந்து வீட்டுத் திறப்பை என் கையில் தந்தான். வவுனியாப் பக்கம் ஒரு குடியேற்றம் இருக்கிறதாம், முகாமிலிருந்து வந்தவர்கள்தான் அங்கே முழுக்க. "அங்க எங்கள யாரும் எவடம்னு கேக்க மாட்டாங்கக்கா." கோபமில்லாமல்தான் சொன்னான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போகிற அன்று காலை தாயும் மகளுமாகப் படலைக்குள் வந்தார்கள். தாயின் இடுப்பில் அந்தக் கிரைண்டர், அதே பழைய சேலையில் சுற்றியபடி. அவளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இத நீங்க வச்சுக்கங்கக்கா."

"விசரே பிள்ளை உனக்கு? இது இல்லாமல் உனக்குக் கை ஓடாதெண்டனி?"

"இந்த ஊர்ல என் இட்லிய விரும்பிச் சாப்பிட்டது உங்க வீடு மட்டுந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து இவ சொல்லுவா, 'பெரியம்மா ரெண்டு, பெரியப்பா நாலு, சட்னி பத்தலையாம்மா'ன்னு. அதுக்காகத்தான் இவ்வளவு நாள் இங்க இருக்கணும்னு அவர்கிட்ட சண்டை போட்டேன்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளையின் காலடி கேட்டதும் இட்லி என்று நினைத்திருக்க வேண்டும், கொட்டிலில் மாடு கத்தத் தொடங்கியது.

"நேரமாகுதும்மா," என்றாள் பிள்ளை.