அமரத்துக் கயிறு

போன வாரம் ஏர்வாடிப் பக்கம் சிப்பி பொறுக்கும் கூலிக்கு ஒரு வள்ளத்தில் போனேன். மணல் திட்டு நெருங்கியதும் வள்ளக்காரர் அமரத்திலிருந்து, அதாவது பின்பக்கத்திலிருந்து, நங்கூரத்தை வீசினார். முன்பக்கம் மணலில் ஏறி நின்றது. பின்னால் கயிறு ஈரம் சொட்ட விறைத்தது. நான் இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழை பொய்த்த ஒரு வருடம் அம்மாவும் நானும் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்து, கடலோரத்தில் மாமா வீட்டில் ஒண்டினோம். மாமா, அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கடல்பாசி எடுக்க எங்களை இப்படியொரு திட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே பாசி எடுக்கத் தடை என்பது எங்களுக்குத் தெரியாது.

"நங்கூரத்த ஏன் மாமா பின்னால போடுறீக?"

"அலையில வள்ளம் திரும்பிரக் கூடாதுல்ல. இறங்குத்தா, காட்டுக்காரி!" என்று, நான் உள்நாட்டுக்காரி என்பதைக் கேலி செய்து சிரித்தார்.

இடுப்பளவு தண்ணீரில் பாசி பறித்துக்கொண்டிருந்தபோது காவல் படகின் சத்தம் கேட்டது. திரும்பினேன். மாமா வள்ளத்தில் நின்று நங்கூரக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். வள்ளம் பின்னோக்கி நழுவி ஆழத்துக்குப் போனது.

"ஏலே தம்பி!" அம்மா ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாள்.

"யாரு வள்ளத்துல வந்தீக?" என்று காவலர்கள் கேட்டார்கள்.

"தெரியாதுய்யா" என்றாள் அம்மா.

மறுநாள் எங்களை விட்டார்கள். மாமா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "எம் பேரச் சொன்னியாக்கா?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

"இறங்குத்தா, ஏன் நிக்கிற?" என்றார் இந்த வள்ளக்காரர்.

"நீங்க முதல்ல இறங்குங்கண்ணே" என்று சொல்லி, எட்டி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.