முனிராஜ் அண்ணனும் அந்த டியூப் ரப்பரும்

முனிராஜ் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

கம்பைநல்லூர் பக்கம் களம், வாசல், மனை என்று எதை நிரவ வேண்டுமானாலும் முன்னால் பக்கெட் மாட்டிய டிராக்டரோடு வருவாரே, அவர்தான். நானும் அவரும் ஒரே முதலாளியிடம் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். சண்டை போடாமல் வண்டி கைமாறிய நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலைக் கிளறிப் போட்டுவிட்டு, பாதி வேலையில் இப்படியா ஒரு மனுஷன் கிளம்பிப் போவார்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கெட்டை ஏற்றி இறக்கும் லீவரைக் கடைசிவரை முன்னால் தள்ளினால் 'டக்'கென்று போய் உட்காரும். அதற்குப் பெயர் ப்ளோட். பக்கெட் தன் எடையிலேயே மண்மேல் படுத்துக்கொள்ளும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும்.

நாம் லீவரைத் தொடவே வேண்டாம். ரிவர்ஸில் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தால் போதும், உதிரி மண்ணெல்லாம் அழகாகப் படிந்துவிடும்.

அண்ணன் அதைப் போடவே மாட்டார்.

லீவரிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு... அவர் நிரவிய களம் அலை அலையாக இருக்கும். அதில் கேழ்வரகு காயப்போட்டவர்கள் என்னைப் பிடித்துத் திட்டுவார்கள்.

போதாக்குறைக்கு, பழைய சைக்கிள் டியூபை அறுத்து, லீவர் அந்தக் கடைசி இடத்துக்குப் போகாதபடி சீட்டோடு இழுத்துக் கட்டி வைப்பார். நான் அவிழ்த்துப் போடுவேன். அடுத்த முறை வண்டி ஏறினால் மறுபடியும் கட்டியிருக்கும்.

காரணம் ஒரு சைக்கிள். பொம்மிடியில் ஒரு வேலையின்போது, பக்கெட்டைத் தூக்கி நிறுத்தியபடியே சீட்டை விட்டு இறங்கியிருக்கிறார். முட்டி இடித்து லீவர் ப்ளோட்டுக்குப் போய்விட்டது. தலைக்கு மேல் இருந்த பக்கெட் சடாரென்று கீழே வந்து, முன்னால் நின்ற சைக்கிள் அப்பளமாகிவிட்டது.

"அதுல ஆள் ஒக்காந்திருந்தா என்னாயிருக்கும் தம்பி?"

"ஸ்டேண்டு போட்டு நிறுத்தின சைக்கிள்ல யாருங்கண்ணா ஒக்காந்திருப்பாங்க? மொதல்ல பக்கெட்ட தரைக்கு எறக்குங்க, அப்பறம் ப்ளோட் போடுங்க. ஒண்ணும் ஆவாது."

"நீ போட்டுக்க சாமி. எனக்கு வேணாம். கையில புடிச்சிருக்கற வரைக்கும்தான் அது நம்ம பேச்சு கேக்கும்."

இதே பேச்சு. வருஷக்கணக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை, அவர் மகள் கவிதாவின் கல்யாணப் பந்தலுக்காக வாசலை நான்தான் நிரவிக் கொடுத்தேன். ப்ளோட் போட்டுத்தான். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக வந்திருந்தது. "இப்படியே பாய் விரிச்சு பந்தி போடலாம் போல இருக்குதுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். ஓர் இடத்தில் நின்று குதிகாலால் அழுத்தினார்.

"மேலாக்க தடவி வுட்டுட்ட. அடியில கெணறு அப்படியேதான் இருக்குது. மழ பேஞ்சா பந்தியோட எறங்கிடும்."

அவர் தாத்தா 1940களில் தண்ணீருக்காக வெட்டிய கிணறு அது. பாறை தட்டியதும் பாதியிலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டாராம். ஒவ்வொரு மழைக்கும் அந்த இடம் கொஞ்சம் உள்வாங்கும், அது உண்மைதான்.

"அந்த எடத்துல மட்டும் ரெண்டு பக்கெட் மண்ணு கொட்டி மிதிச்சா போதுங்கண்ணா" என்றேன். கேட்டால்தானே? மறுநாளே வாசல் மொத்தத்தையும் கிளறிவிட்டார்.

"கல்லு போட்டு மூடி நானே நெரவிக்கறேன். நீ வர வேணாம்."

நானும் போகவில்லை. எனக்கும் ரோஷம்.

குழியைக் கல் போட்டு மூடிவிட்டார். மேல்மண்ணை நிரவுவதுதான் பாக்கி... அதற்குள் இன்று காலை.

போய்ப் பார்த்தால், ஆட்கள் மண்கட்டியில் தடுக்கித் தடுக்கி வருகிறார்கள். மாலை கொண்டுவந்தவர் மாலையோடு விழுந்தார். பெரியவர்கள் ஒரு பக்கம் நின்று, கல்யாணத்தைத் தள்ளி வைப்பதா, குறித்த தேதியிலேயே முடிப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

கவிதா என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, கல்யாணம் எப்ப வேணா நடக்கட்டும். ஃப்ரீசர் பெட்டி வந்திருக்குது, வைக்க எடமில்ல. வாசல கொஞ்சம் நெரவி வுடுங்க."

ஏறி உட்கார்ந்தேன். லீவரில் டியூப் ரப்பர். முடிச்சு மேல் முடிச்சு.

அவிழ்க்கத்தான் கை போனது. எத்தனை முறை திட்டிக்கொண்டே அவிழ்த்திருக்கிறேன்... இன்று முடியவில்லை.

கட்டியது கட்டியபடியே இருக்க, லீவரைக் கையில் பிடித்து ஏற்றி இறக்கித்தான் வாசல் முழுவதும் நிரவினேன். அவரைப் போலவே. எனக்கு அது சரியாக வரவும் இல்லை, அவரைவிட மோசம்.

ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். "ஏம்ப்பா, நீ நல்லா நெரவுவேன்னுதான சொன்னாங்க?"

இறங்கி, பெட்டிக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடப் போனேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அண்ணா, உங்கள் வாசல் அலை அலையாகத்தான் இருக்கிறது. வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியெல்லாம் ஆடுகிறது. உங்கள் பெட்டியையே ஒரு பக்கம் செங்கல் வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறோம்.

கவிதா கல்யாணத்துக்கு முன்னால் ரப்பரை அவிழ்த்துவிட்டு, ப்ளோட் போட்டு மறுபடியும் நிரவுவேன். அதுவரைக்கும் உங்கள் இஷ்டப்படியே கிடக்கட்டும்.

போயிட்டு வாங்கண்ணா.