ஒட்டிய கடைசிப் பக்கங்கள்

எண்பதுகளில், காலைப் பாசஞ்சரில் குடியாத்தத்தில் ஏறி ஆம்பூரில் இறங்கும்வரை அந்தப் பெண் ஒரு நிமிடம் சும்மா உட்காரமாட்டாள். ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் வேலை. விரல் நுனிகளில் காய்ந்த சொல்யூஷனை உரித்துக்கொண்டே இருப்பாள். பெட்டியில் யார் கையிலாவது ஒரு நாவலைத் திணித்து, "படிங்க, அழுதுடுவீங்க" என்பாள்.

அவள் தரும் நாவல்களில் கடைசிப் பக்கங்கள் மட்டும் அதே சொல்யூஷனால் ஒட்டப்பட்டிருக்கும்.

"ஏம்மா இப்படிப் பண்ற?" என்று கேட்டேன்.

"முடிவ என்னால தாங்க முடியாது டீச்சர். நீங்க பிரிச்சிப் படிச்சிட்டு மெதுவா சொல்லுங்க."

கடைசியாக அவள் கொடுத்த நாவலில், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பெண் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். அதற்குமேல் ஒட்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவசரமாய்ப் பிரித்ததில் தாள் கிழிந்து எழுத்தெல்லாம் பிய்ந்துபோயிற்று.

மறுநாள் நான் ஏறியதுமே கேட்டாள்: "போய்ட்டாளா டீச்சர், உள்ள திரும்பிட்டாளா?"

கிழித்ததைச் சொல்ல வெட்கம். "போய்ட்டா" என்றேன்.

"அப்புறம் நல்லா இருந்தாளா?"

"நல்லா இருந்தா."

ஆம்பூர் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை அதையே கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. கூட வேலை செய்பவள்தான் சொன்னாள்: "அவளுக்கு நாளைக்குக் கல்யாணம் டீச்சர். விடிஞ்சதுலேர்ந்து ஆளக் காணோமாம்."

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் எந்த ஒட்டலும் இல்லை. இன்னும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.