ருக்மணி அக்கா போட்ட தகரக் குழாய்

நல்லம்பள்ளியிலிருந்து மரம் ஏற்றி வந்த வண்டிக்காரர், கடத்தூரில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் மாட்டை நிறுத்தினார். "டீச்சரம்மா, பட்டறை வூட்டு அம்மா காலைல தவறிட்டாங்க" என்றார். நல்லம்பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்த ருக்மணி அக்காவைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மரத்தை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்த வண்டியிலேயே ஏறிப் போனேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வீடும் நினைவிருக்கும். கணவர் சின்னசாமி பின்கட்டிலேயே மரப்பட்டறை வைத்திருந்தார். ஆயில் எஞ்சினில் ஓடும் வட்ட ரம்பம் வந்த பிறகு சோற்றில் மரத்தூள், குடிதண்ணீரில் மரத்தூள். மகள் லட்சுமிக்கு மூச்சிளைப்பு வந்தது.

கொல்லுப்பட்டறையில் உலைக்குக் காற்றடிக்கும் விசிறிப் பெட்டியை ஒருநாள் அக்கா உற்றுப் பார்த்திருக்கிறார். "ஒரு பக்கம் ஊதுதுன்னா இன்னொரு பக்கம் காத்தை இழுக்கணுமில்லைங்களா?" என்று என்னிடம் கேட்டார். தரையில் கிடந்த தூளிலேயே விரலால் வரைந்து காட்டினார். ரம்பத்துக்கு அடியில் தகரப் புனல், அதிலிருந்து ஒரு குழாய், சுவருக்கு வெளியே எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் விசிறி, கடைசியில் கொல்லைக் குழி.

தகரக்காரர் அதைப் போட வந்தபோது, நடக்க இடைஞ்சலாகும் என்று சின்னசாமி குழாயைச் சுவரோரமாகவே மடக்கி மடக்கிக் கொண்டுபோகச் செய்தார். இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது. வேலையாட்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மூலைக்கு மூலை மடக்குனா தூளு எங்கீங்க ஓடும்? நேராப் போவட்டும். திரும்புற எடத்துல மெதுவா வளைஞ்சு திரும்பட்டும்" என்றார். தகரக்காரரை மறுபடி அழைத்து, கூடவே நின்று மாற்றி வைத்தார். அதன்பின் தூள் குழிக்குப் போனது. லட்சுமி இருமாமல் தூங்கினாள்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் பெட்டி செய்யும் கான்ட்ராக்ட் வந்தது. அடுக்கிவைத்த பலகைகளுக்கு மழைக்கூரை வேண்டும், தகரமோ எங்கும் கிடைக்கவில்லை. சின்னசாமி குழாயைக் கழற்றித் தட்டி விரித்தார். அக்கா குறுக்கே நின்றார்.

"பலகைக்குக் கூரை வேணும், எங்களுக்கு மூச்சு வேணாமுங்களா?"

"சண்டை முடியட்டும், புதுசாப் போட்டுக்கலாம். தள்ளு."

லட்சுமியைத் தொப்பூரில் இருந்த தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அக்கா பட்டறை வீட்டிலேயே இருந்தார். அத்தனை வேலையாட்களுக்கும் சமைக்க வேறு ஆள் வைக்கச் சின்னசாமி சம்மதிக்கவில்லை. எஞ்சின் பகலெல்லாம் ஓடியது. சண்டை முடிந்தது, தகரமும் கிடைத்தது. அது வீட்டு முகப்புக்குப் போனது. குழாயைப் பற்றி அக்கா கேட்டுக்கொண்டேதான் இருந்தார், பேச்சுக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்த நாட்களிலும். கடைசியாக நான் பார்த்தபோது, "லட்சுமிய மட்டும் இங்க கூட்டியாற வுடாதீங்க டீச்சர்" என்றார்.

ஆனால் அக்காவின் சாவுக்கு லட்சுமியை அழைத்து வந்துதான் ஆகவேண்டியிருந்தது. சடலத்தின் அருகே சின்னசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஒருநாளும் எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ போயிட்டாளே!" சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். பொறுமைசாலி என்றார்கள்.

"அம்மா பேசுனாங்க. நீங்கதான் கேக்கல" என்றாள் லட்சுமி.

பொறுமைசாலி என்ற பட்டத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மூச்சு வேணாமுங்களா என்று அவர் கேட்ட கேள்வியும், அதற்குப் பதில் சொல்லாதவர்கள் மீதான கோபமும்தான் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கோபத்தை நான் ஆறவிடப் போவதில்லை.